எண்ணெய் இல்லாத இட்லி

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதயத்துக்கு ஆகாது என்று வீட்டில் எண்ணெயையே நிறுத்திவிட்டேன், தாளிப்பதுகூட இல்லை. கொலஸ்ட்ரால் இப்போது 118தான். ஆனால் ட்ரை வெயிட் (டயாலிசிஸில் கூடுதல் தண்ணீரை எடுத்தபின் இருக்கும் எடை) 61 கிலோவிலிருந்து 56க்கு வந்துவிட்டது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார். நான் செய்வது சரியா? அவர் ஏற்கெனவே போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையை இனி நிறுத்திவிடலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். டயாலிசிஸுக்கு முன்பே போட்டுவந்தவர்கள் தொடர்வதுதான் வழக்கம்.

அடுத்தது அந்த 118. டயாலிசிஸில் இருப்பவருக்கு எடையும் குறைந்து கொலஸ்ட்ராலும் இறங்கினால் எனக்குக் கவலைதான் வரும். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஐந்து கிலோ குறைந்ததை சிறுநீரக (நெஃப்ராலஜி) டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

டயாலிசிஸ் யூனிட்டில் உணவு ஆலோசகராக இருக்கும் நான், இதே பயத்தை டிபன் டப்பாக்களில் பார்க்கிறேன். ஒருமுறை ஒருவருடைய டப்பாவைத் திறந்தேன். நான்கு இட்லி, ஓரமெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்திருந்தார்கள். அரை இட்லிக்கு மேல் அவரால் விழுங்க முடியவில்லை. அதை அனுப்பிய மனைவியின் அக்கறையை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தைக் கெடுப்பது கொலஸ்ட்ரால் மட்டுமல்ல. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் தண்ணீர், உப்பு, ரத்த அழுத்தம், பாஸ்பரஸ் கூடி ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் சுண்ணாம்பு, எல்லாம் சேர்ந்துதான். ஜெர்மனியில் சர்க்கரை நோயுள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. மாத்திரையால் கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது, ஆனால் மாரடைப்பும் இதயம் சார்ந்த மரணமும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தங்கித் தொல்லை தரும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எண்ணெயில் கிடையாது. வேர்க்கடலையை அளந்து சாப்பிட வேண்டியவருக்குக் கடலை எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி தரும். அந்தக் கலோரி இல்லாவிட்டால், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தையும் உடம்பு எரித்துவிடும். அவர் எடைக்கு ஒரு நாளைக்கு 56 முதல் 67 கிராம் புரதம் தேவை, அது சதையாக நிற்க வேண்டாமா?

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் சரி, எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்று நான்கு தேக்கரண்டி தாராளமாகச் சேருங்கள். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், வாசனைக்கு மட்டும் போதும். வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய கடை எண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். இளநீர் கூடாது, அதற்குக் காரணம் கொழுப்பு அல்ல, பொட்டாசியம்.

மீன் சாப்பிடுவாரென்றால் வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை கொடுங்கள். முள்ளை எடுத்துவிட்டு, குழம்பைக் குறைத்து, துண்டைச் சாப்பிடட்டும். குழம்பில் புளி, உப்பு, தண்ணீர் மூன்றும் இருக்கின்றன. கருவாடு கூடாது. 2025இல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தினமும் 4 கிராம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்ததில் இதயப் பாதிப்புகள் கணிசமாகக் குறைந்தன. அதற்காக நீங்களே மருந்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள், டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே ஹெப்பாரின் என்ற மருந்து போடுகிறார்கள், மீன் எண்ணெயும் ரத்தம் உறைவதைக் குறைக்கலாம். டாக்டர் சொன்னால் மட்டும் தொடங்குங்கள்.

நாளைக் காலையில் இட்லியைச் சூடாக எடுத்து, ஒரு தேக்கரண்டி பொடியில் நல்லெண்ணெய் குழைத்துக் கொடுங்கள். பொடியில் உப்பு குறைவாக இருக்கட்டும். எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.