ஆமை ஏறினால் சாயும் மேடை

வணக்கம். உங்கள் சிவப்புக்காது ஆமை உடல் காய ஏறியதும், தொட்டியில் மிதக்கும் மேடை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீருக்குள் போகிறது, இப்போது அது ஏறுவதையே விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடு 15 செ.மீ. என்றால் அந்த மேடை இனி வேண்டாம். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிகள் குஞ்சு ஆமையைத்தான் தாங்கும். பெண் ஆமை என்றால் 25 செ.மீ. வரைகூட வளரும், பெரிதாகவே வாங்குங்கள்.

தொட்டி விளிம்பின் மேல் உட்காரும் பெட்டி வகைதான் என் தேர்வு. நீந்தும் இடம் குறையாது, மேடையும் அசையாது. ஏறும் சரிவுப்பலகை சொரசொரப்பாக, நீருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். மேடையின் மேற்பரப்பு முழுக்க உலர்ந்திருப்பது ரொம்ப முக்கியம். ஓடு காயவே வழியில்லாமல் போனால் அழுகல் நோய் வரும்.

சூடு தரும் விளக்கின் கீழ் மேடைப் பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கும் அவசியம். அந்த விளக்குக்கும் ஆமைக்கும் நடுவில் கண்ணாடி வைக்காதீர்கள், அது அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

அப்புறம், எந்த மேடை வைத்தாலும் நீருக்கடியில் ஆமை சிக்கிக்கொள்ளும் இடுக்கு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூச்சுவிட மேலே வர முடியாவிட்டால் நீர் ஆமையும் மூழ்கி இறந்துவிடும்.