கேள்வி – பதில்: தரையோடு ஓடும் தீ

கேள்வி: மாசி, பங்குனி வந்தால் ராத்திரியில் மலையில் மாலை போட்டதுபோல தீ வளைந்து தெரிகிறது. தண்ணீர் வண்டி ஏற முடியாத இடத்தில் எப்படித்தான் அணைக்கிறார்கள்? (வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: பெரும்பாலும் தண்ணீரே இல்லாமல்தான். நீங்கள் பார்ப்பது தரைத்தீ. மர உச்சிக்கு ஏறாமல் காய்ந்த புல், சருகு, சுள்ளியைத் தின்றபடி நகரும், தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டால் நின்றுவிடும். அதனால் தீக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிகிற பாதை ஒன்றை எடுக்கிறார்கள். தீ சின்னதாக இருந்தால் பச்சைத் தழையை ஒடித்து அடிப்பார்கள். கேட்கச் சுலபம், ஆனால் ஓங்கி ஓங்கி அடித்தால் பொறி பறந்து முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும். அடித்த தழையை அப்படியே அமுக்கி, எரிந்து முடிந்த பக்கமாக இழுக்க வேண்டும். நிற்பதும் தீயின் முகத்துக்கு நேரே அல்ல, பக்கவாட்டில். காற்று அடங்கிய விடிகாலைதான் இதற்குத் தோதான நேரம். எதிர்த்தீ வைப்பதும் உண்டு, அதாவது வருகிற தீக்கு முன்னால் இருக்கும் சருகைத் தாங்களே எரித்துவிடுவது, ஆனால் அது பழகிய கைகளின் வேலை, நாம் முயன்று பார்க்கக் கூடாது.

கேள்வி: அணைத்த தீ மறுநாள் திரும்ப எரிகிறதே? (வாசகி, கூடலூர்)

பதில்: அணையவில்லை என்றுதான் அர்த்தம். பட்ட கட்டைக்குள்ளும் காய்ந்த சாணிக்குள்ளும் நெருப்பு கனன்றுகொண்டே கிடக்கும், மதியக் காற்றுக்கு மறுபடி பிடிக்கும், சரிவில் கட்டை உருண்டால் வெட்டிய பாதையையும் தாண்டிவிடும். அதனால் புறங்கையைக் கிட்டத்தில் காட்டிச் சூடு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தோனேசியாவில் 2015-இல் கரி மண்ணே, அதாவது செடிகொடி மட்கிச் சேர்ந்த, தீப்பிடிக்கிற மண்ணே, நிலத்துக்கடியில் புகைந்து, சிங்கப்பூர்வரை மூச்சுமுட்ட வைத்தது.

கேள்வி: மலையேறும்போது தீ வந்தால்? (வாசகர், ஈரோடு)

பதில்: மேலே ஓடாதீர்கள். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு, உங்கள் கால் அப்படி வேகமெடுக்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கவாட்டில் விலகி, பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் என்று எது கிட்ட இருக்கிறதோ அங்கே போங்கள், புல் மண்டிய பள்ளத்தில் மட்டும் இறங்காதீர்கள். அப்புறம் உடை. நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்திச் சட்டையே போதும், படத்தில் எடுப்பாகத் தெரியாவிட்டால் போகிறது.