மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்: விபத்து இழப்பீடு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 38. திண்டுக்கல் அருகே வாடகைக் கட்டடத்தில் வெல்டிங் பட்டறை நடத்தி வந்தார். நான்கு மாதங்களுக்கு முன் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தம் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது, பின்னால் வந்த லாரி மோதி இறந்துவிட்டார். எங்களுக்கு 11, 7 வயதில் இரண்டு குழந்தைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலிலேயே ஒருவர் வந்து, கேஸ் நடத்தித் தருவதாகச் சொல்லி வெற்றுத்தாள்களில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வரும் பணத்தில் கால் பங்கு தனக்கு வேண்டும் என்கிறார். லாரி உரிமையாளர் தரப்பில் மூன்று லட்சம் தருகிறோம், சமரசமாக எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் சீக்கிரம் முடியும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கணவருக்கு மாதம் 18,000 முதல் 20,000 ரூபாய் வரை வருமானம் உண்டு. ஆனால் அதற்கு எந்தச் சான்றும் இல்லை. என்ன செய்வது, ஐயா?

பதில்: சகோதரி, முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1.4.2022 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு மீதமிருப்பது இரண்டு மாதம். இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் பிறப்பித்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி இரண்டு குழந்தைகளின் எதிர்காலத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. விபத்து குறித்துக் காவல்துறை, இத்தகைய மனுக்களை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், அது அனுப்பப்பட்டதா என்று விசாரித்துக் காத்திருப்பதைவிட நீங்களே மனுச் செய்வது பாதுகாப்பானது.

உறவினர் சொன்ன நுகர்வோர் வழி இதற்குப் பொருந்தாது. லாரிக்குக் காப்பீடு எடுத்தவர் அதன் உரிமையாளர். அந்தப் பாலிசியைப் பொறுத்தவரை நீங்கள் நுகர்வோர் அல்லர். பேருந்தில் பயணச்சீட்டு வாங்கிப் பயணம் செய்து விபத்தில் இறந்தவருக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கிலேயே கூட, சாலை விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கே உண்டு, நுகர்வோர் மன்றத்துக்கு இல்லை என்று, நம் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாகக் கூறிவிட்டது. சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றமும், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றங்களும் இத்தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். தாய் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் அங்கேயே வழக்கை நடத்தலாம். லாரியின் உரிமையாளர், ஓட்டுநர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது மூன்று லட்சம். அந்தத் தொகை உங்களுக்குரியதில் எத்தனையில் ஒரு பங்கு என்பது தெரியாமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் கணக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் அரசியல் சாசன அமர்வாக அமர்ந்து பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறையைத்தான் தீர்ப்பாயங்கள் பின்பற்றுகின்றன. உங்கள் கணவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபிக்கப்படுவதாகக் கொள்வோம். அவர் 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும், 25,200 ஆகிறது. அவரை நம்பியிருந்தவர்கள் நீங்கள், இரண்டு குழந்தைகள், அவருடைய தாயார் என நால்வர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், மீதம் 18,900. ஓராண்டுக்கு 2,26,800. 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்குரிய பெருக்கெண், அதாவது இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 15. ஆக 34,02,000 ரூபாய். இதோடு, கணவரின், தந்தையின், மகனின் துணையை இழந்ததற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு தொகை உண்டு. 2017-இல் 40,000 ஆக இருந்த அது, மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயர்த்தப்பட வேண்டும் என்ற விதியால் இப்போது 48,400 ஆகியுள்ளது. நால்வருக்கு 1,93,600. ஈமச்சடங்குக்கு 18,150, அவர் சேர்த்திருக்கக்கூடிய சொத்தின் இழப்புக்காகச் சொத்திழப்பு என்ற தலைப்பில் 18,150. கூட்டினால் 36,31,900 ரூபாய். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் சேரும். நம் மாநிலத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் 7.5 விழுக்காடு வழங்குகின்றன.

இந்தத் தொகை அப்படியே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணவர் மீதும் தவறு இருந்ததாகத் தீர்ப்பாயம் கருதினால் அந்த அளவுக்குக் குறைக்கும். தலைக்கவசம் அணியாத நிலையில் தலைக்காயத்தால் இறந்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் தொகை குறைவதற்கு முதன்மையான காரணம் வருமானத்தை நிரூபிக்கத் தவறுவதே. சான்று ஏதும் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானே ஓர் உத்தேச வருமானத்தை வைத்துக்கொள்ளும். அதை 12,000 என்று வைத்தால், மேற்சொன்ன 34,02,000 என்பது 22,68,000 ஆகிவிடும். உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, மாத வருமானத்தில் நிரூபிக்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாயும் இறுதித் தொகையில் 1,89,000 ரூபாய்க்குச் சமம்.

வருமானத்துக்குச் சான்றே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறை நடத்தியவரின் வாழ்க்கையில் தாள்கள் இல்லாமல் இருக்காது. பட்டறையின் வாடகை ஒப்பந்தம், வணிக இணைப்புக்கான மின்கட்டண ரசீதுகள், இரும்புக் கடையிலும் வெல்டிங் ராடு வாங்கிய கடையிலும் கொடுத்த பில்கள், வாடிக்கையாளர்கள் கூகுள் பே வழியாக அனுப்பிய தொகைகள் தெரியும் வங்கிக் கணக்கு விவரம், கேட் செய்ய முன்பணம் வாங்கி அவர் எழுதிவைத்த குறிப்பேடு, மாதாந்தரச் சீட்டுக் கட்டிய அட்டை, வண்டிக் கடனுக்குச் செலுத்திய தவணை, குழந்தைகளின் பள்ளிக் கட்டண ரசீது என எல்லாவற்றையும் திரட்டுங்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் நேரில் வந்து சாட்சி சொன்னால் இன்னும் வலு. அவருடைய கைப்பேசியையும் சிம் அட்டையையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கணக்கு வழக்கில் பாதி அதில்தான் இருக்கும்.

முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை, சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும், இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் தேவை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

இழப்பீட்டைச் செலுத்த வேண்டியது காப்பீட்டு நிறுவனம். ஓட்டுநருக்கு உரிய உரிமம் இல்லை என்றாலும், முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. அப்படியிருக்க, உரிமையாளர் தரப்பு ஏன் தன் பணத்தைத் தர முன்வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்ற வழக்கில் உங்கள் சாட்சியம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த வழக்கு பலவீனமானால் இழப்பீட்டு மனுவும் பலவீனமாகும். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் எதற்காகவும் கையெழுத்திடாதீர்கள்.

பிணவறை வாசலில் வந்தவர் வழக்கறிஞரே அல்லாத தரகராக இருக்கக்கூடும். வழக்கறிஞராகவே இருந்தாலும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத்தாள்களைத் திருப்பித் தருமாறும், அவற்றைப் பயன்படுத்தத் தாங்கள் அனுமதிக்கவில்லை என்றும் குறிப்பிட்டு அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே எங்காவது மனுத் தாக்கல் ஆகியிருக்கிறதா என்றும் நீதிமன்றத்தில் விசாரியுங்கள். ஆகியிருந்தால் வக்காலத்தை, அதாவது வழக்கறிஞருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை, மாற்றிக்கொள்ள வழியுண்டு. பெண்கள், வருமான வரம்பு ஏதுமின்றி, இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். பிற்காலத்தில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச நேர்ந்தால், அங்கே ஒப்புக்கொள்ளும் தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வைத்து, மேலே உள்ள கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளைகளின் பங்கு அவர்கள் 18 வயதை எட்டும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கப்படும். உங்கள் பங்கு உங்கள் கணக்குக்கே வர வேண்டும். கையெழுத்திட்ட காசோலைகளை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இருசக்கர வாகனம் உங்கள் கணவர் பெயரிலேயே பதிவாகி, அவரிடம் செல்லத்தக்க உரிமமும் இருந்திருந்தால், அந்த வண்டியின் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் தொகை 15 லட்சம் ரூபாய். லாரி மீதான மனுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்தாலும், அதை இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி: சேலத்தைச் சேர்ந்த என் தம்பி, வயது 22, அப்பா பெயரில் உள்ள பைக்கை ஓட்டிச் சென்றபோது சாலை நடுவே இருந்த தடுப்பில் மோதி இறந்துவிட்டான். வேறு வாகனம் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் காப்பீடு இருந்தது எங்களுக்கு மூன்று மாதம் கழித்தே தெரிந்தது. 30 நாளுக்குள் தெரிவிக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது.

பதில்: பைக் பாலிசியிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு, பிறர் தவறால் ஏற்பட்ட மரணத்துக்கே பொருந்தும். 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் காப்பீடோ பதிவுபெற்ற உரிமையாளருக்கு மட்டுமே உரியது. அப்பாவின் வண்டியை மகன் ஓட்டும் வீடுகள் அனைத்தும் கவனிக்க வேண்டிய ஓட்டை இது. மற்றவர் ஓட்டும்போதும் செல்லும்படி கூடுதல் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் 20 ரூபாய்த் திட்டம் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டு. யாருடைய தவறு என்ற கேள்வியே இதில் எழாது. தாமதத்தைப் பொறுத்தவரை, தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமான உண்மையான கோரிக்கைகளை அந்த ஒரு காரணத்துக்காக இயந்திரத்தனமாக நிராகரிக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 20.9.2011 அன்றே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. அதைச் சுட்டிக்காட்டி, காப்பீடு இருந்ததே தெரியாது என்பதை விளக்கி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இங்கேதான் நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு உதவும், ஏனெனில் பிரீமியம் கட்டியவர் உங்கள் தம்பி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். என் அனுபவத்தில், ஆவணங்கள் தெளிவாக உள்ள சிறு தொகைகளுக்குக் குறைதீர்ப்பாளரே சுருக்கமான வழி. தம்பியின் ஏடிஎம் அட்டையோடு விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்ததா என்றும் வங்கியில் எழுத்துமூலம் கேளுங்கள். அத்தகைய அட்டைகளில் விபத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாள்களுக்குள் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும்.

கேள்வி: அதிகாலையில் டீக்கடைக்கு நடந்து சென்ற 62 வயதான என் தந்தையை அடையாளம் தெரியாத வாகனம் மோதிவிட்டு நிற்காமல் சென்றுவிட்டது. வண்டி எண் தெரியாததால் எதுவும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை அல்ல. மோதிவிட்டுத் தப்பிய வாகனம் கண்டுபிடிக்கப்படாத மரணங்களுக்கு 1.4.2022 முதல் 2 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது; அதற்கு முன் அது 25,000 ரூபாயாக இருந்தது. இதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியே விசாரணை அதிகாரி. கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு அறிக்கை, வாரிசு விவரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக வண்டியைத் தேடுவதைக் கைவிட வேண்டாம். அந்தச் சாலையில் உள்ள பெட்ரோல் பங்க், கடைகள், சுங்கச்சாவடி ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு காவல் ஆய்வாளருக்கு இன்றே எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். பின்னர் வாகனம் அகப்பட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால் இந்த 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்போது கிடைப்பது பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே இருக்கும்.