மூன்றாம் மாடிக்கு ஏற்ற காற்றடைக்கும் கயாக்

நண்பரே, ஏரியில் மீன்பிடிக்கக் காற்றடைக்கும் கயாக் (துடுப்புப் படகு) வாங்க, இண்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கே2, எக்ஸ்கர்ஷன் புரோ கே2 இரண்டில் எது நல்லது என்று கேட்டீர்கள். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, சின்ன கார் என்கிறீர்கள். இருந்தாலும் நான் எக்ஸ்கர்ஷன் புரோ கே2-வைத்தான் சொல்வேன். எக்ஸ்ப்ளோரர் கே2 தூக்க லேசு, விலையும் குறைவு. ஆனால் வினைல் மெல்லிசு, தூண்டில் முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால் போச்சு. புரோவில் மூன்றடுக்கு பிவிசி, தூண்டில் கழி செருகக் குழி உண்டு, 180 கிலோ தாங்கும். படியேறும்போது மூச்சு வாங்கும்தான்.

படகின் அடியில் மாட்டும் செதிலை (ஸ்கெக்) மாட்டாமல் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் காற்று வீசும்போது படகு சுற்றும். வெயிலில் கரையில் போடுவதானால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். சூட்டில் உள்காற்று விரிந்து ஒட்டு பிரியும். நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். அப்புறம், அந்த ஏரியில் மீன்பிடிப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.