பத்துப் பேர் எங்கே?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். யூத ஞான மரபு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கபாலா பக்கம் வந்தேன். வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். ஏழு மாதமாக, காலையில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குகிறேன். 20 நிமிடம் என்னை நானே கவனிப்பது, 20 நிமிடம் கபாலாவின் முக்கிய நூலான ஸோஹரை மொழிபெயர்ப்பில் வாசிப்பது, 20 நிமிடம் கடவுளை எண்ணி அமர்வது. மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று எக்ஸெலில் மார்க் போட்டு வைக்கிறேன். படிப்பு கூடினால் பக்தி குறைகிறது. பக்தி கூடினால் படிப்பில் மனம் நிற்பதில்லை. இரண்டும் கூடிய நாளில் கர்வம் வந்துவிடுகிறது. ஹெசெத் (அருள்) வலப்புறம், கெவூரா (கண்டிப்பு) இடப்புறம், நடுவில் திஃபெரெத் (அழகு) என்று, கடவுளின் பத்து நிலைகளை வரைந்து காட்டும் ஸெஃபிரோத் மரமே சமநிலையைத்தானே காட்டுகிறது? மூன்றையும் சமமாக வைப்பது எப்படி?

நாற்பது வயதுக்கு முன் கபாலா படிக்கக் கூடாது என்பது உண்மையா? ஸெஃபிரோத்தும் நம் சக்கரங்களும் ஒன்றா? சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் உன் எக்ஸெல் என்னை விடவில்லை. போன மாதம் முழுக்க ஹயீம் வொலோஷினர் என்ற பழைய ஆசிரியரின் நூலைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டிருப்பதைத்தான் அவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் போட்டு உடைத்திருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டு. சக்கரங்களும் ஸெஃபிரோத்தும் ஒன்றல்ல. எல்லையற்ற கடவுள் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் பத்து நிலைகள் ஸெஃபிரோத். அவற்றை மனித உடம்பின் உருவத்தில் வரைந்து காட்டும் வழக்கம் உண்டு என்பதற்காக இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டி வைத்தால் இரண்டுமே புரியாது. வயது விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. கபாலாவில் ஊறிய ஸப்பத்தாய் ஸ்வி என்ற யூதர் தன்னை மெசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்று சொல்லிக்கொண்டு, பாதி யூத உலகத்தையே மூட்டை கட்ட வைத்துவிட்டு, 1666இல் சுல்தான் முன்னிலையில் மதம் மாறினார். அந்தக் காயம் ஆறவில்லை. அவர் வழியில் வந்த கூட்டங்கள் அடுத்த நூற்றாண்டிலும் குழப்பம் செய்தன. அதனால் 1756இல் பிரோடி நகரில் யூத மதகுருக்களான ரபிகள் கூடி, முப்பதுக்கு முன் ஸோஹர் கூடாது, நாற்பதுக்கு முன் 16ஆம் நூற்றாண்டின் கபாலா ஆசிரியர் ஐசக் லூரியாவின் போதனைகள் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அந்த லூரியா, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸஃபேத் ஊரில் கொள்ளைநோயில் இறந்தபோது வயது 38. ஆக, வயதைப் பற்றிக் கவலைப்படாதே. கவலைப்பட வேண்டியது வேறு. மறைஞானம் என்ற அந்தத் தோட்டத்துக்குள் நுழையும் முன் வயிற்றை அப்பத்தாலும் இறைச்சியாலும் நிரப்பிக்கொள் என்கிறார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ். எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்ற சட்டப் படிப்பைத்தான் அவர் சொல்கிறார். ஸோஹர், யூத மறையின் முதல் ஐந்து நூல்களான தோராவுக்கு எழுதப்பட்ட உரை. நீ தோராவைப் படித்தாயா? ஆதியாகமத்தையாவது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மூலத்தைத் தொடாமல் உரையில் ஏழு மாதம் உட்கார்ந்திருக்கிறாய்.

இதைவிட என்னை உறுத்தியது ஒன்று உண்டு. இத்தனை நீளக் கடிதத்தில் இன்னொரு மனிதர் இல்லை. அப்பா, அம்மா, அறைத்தோழன், மேலதிகாரி யாரும் இல்லை. நீ இருக்கிறாய், உன் மார்க் இருக்கிறது, கடவுள் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறார். நீ வாசிக்கும் ஸோஹரைக் கொஞ்சம் கவனித்துப் பார். அதில் யாரும் தனியாக உட்கார்ந்து ஞானம் பெறுவதில்லை. தோழர்கள் சேர்ந்து சாலையில் நடக்கிறார்கள், ஒரு வசனத்தை எடுத்துப் பேசுகிறார்கள். வழியில் வாய் ஓயாத ஒரு கிழவன் கழுதை ஓட்டிக்கொண்டு வருகிறான். ஏதோ உளறுகிறான் என்று நினைத்தால் அவன்தான் எல்லோரையும்விடக் கற்றவனாக இருக்கிறான்.

யோசேப் காரோவை உனக்குத் தெரிந்திருக்கும். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட தலைமுறையில் பிறந்து, துருக்கியச் சாம்ராஜ்யத்தின் ஊர்களில் வளர்ந்து, கடைசியில் ஸஃபேத்தில் நிலைகொண்டவர். காலையில் எழுவது முதல் கடன் பத்திரம் வரை யூத வாழ்க்கைக்கு இன்றும் வழிகாட்டும் ஷுல்ஹான் ஆருக் அவர் தொகுத்தது. வெனிஸில் 1565இல் அச்சானது. இப்படிப்பட்ட சட்டப் புலவர் வாய்வழியாக ஒரு குரல் பேசியது. அவர் ஸஃபேத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை அவருடைய நண்பர் ஷ்லோமோ அல்கபெத்ஸ் ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் இரவு. தூங்குவதில்லை என்று தீர்மானித்து நண்பர்கள் சிலர் கூடுகிறார்கள். தோராவின் பகுதிகள், தீர்க்கதரிசிகள், சங்கீதங்கள் என்று வரிசையாக ராகம் போட்டு ஓதி, பிறகு மிஷ்னாவை எடுக்கிறார்கள். மிஷ்னா என்றால் விதைப்பு, தசமபாகம், சேதத்துக்கு நஷ்ட ஈடு என்று போகும் சட்டநூல். அதில் இரண்டு பகுதிகள் முடிந்த வேளையில் காரோவின் வாயிலிருந்து உரத்த, எழுத்தெழுத்தாகத் தெளிந்த ஒரு குரல் வருகிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடக் கேட்கிறது, அவர்களுக்குத்தான் புரியவில்லை. இவர்கள் முகத்தைத் தூக்கிப் பார்க்கவும் பயந்து குப்புற விழுகிறார்கள்.

அந்தக் குரல் தன்னை மிஷ்னா என்றது. பல வருஷங்களாக அவர் மனப்பாடம் செய்து வாயில் போட்டுக் குதப்பிய அதே நூல்தான் பேசியது. இன்னொன்றும் சொன்னது: நீங்கள் பத்துப் பேராகக் கூடியிருந்தால் இன்னும் உயர்ந்திருப்பீர்கள். யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். மறுநாள் இரவு ஓடி ஆடிப் பத்துப் பேரைச் சேர்த்தார்கள். ஷாவுவோத் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கும் வழக்கம் இன்று யூத உலகமெங்கும் இருக்கிறது. அது பரவியதில் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தெய்வம் வாய் திறந்த இரவிலும் தலை எண்ணிப் பார்த்து ஆள் குறைகிறது என்று கண்டித்திருக்கிறது, தம்பி. உன் அறையில் எத்தனை பேர்?

உன் பெயரைச் சொல்லாமல் கடிதத்தை என் தோழிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மகனோடு வெளிநாட்டில். அவள் உடனே உன் கட்சிக்குப் போய்விட்டாள். “ஏண்டி, அந்தப் பிள்ளை கணக்கு வைத்துக்கொண்டால் என்ன? உன் காரோவும்தானே நாட்குறிப்பு எழுதினார்?” என்றாள். உண்மைதான். அந்தக் குரல் சொன்னதையெல்லாம் காரோ எழுதி வைத்தார். பாதிக்கு மேல் திட்டு. இறைச்சியைக் குறை, மதுவைக் குறை, தூக்கத்தைக் குறை, மிஷ்னாவை விட்டு மனம் அலைந்தால் நான் போய்விடுவேன் என்ற மிரட்டல். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன்: காரோவுக்கு மார்க் போட்டது காரோ இல்லை. அவர் படித்த நூல் அவருக்குப் போட்டது. இந்தப் பையன் கேள்வித்தாளும் அவனே, விடைத்தாளும் அவனே, திருத்துகிறவனும் அவனே. அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நூல் போடும் மார்க்கும் கடைசியில் மனிதன் காதில்தானே விழுகிறது என்றாள். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாங்கள் சேர்ந்து படிக்க ஆரம்பித்ததே இப்படி ஒரு சண்டையில்தான். ஸோஹரை எழுதியது இரண்டாம் நூற்றாண்டின் ஷிமோன் பார் யோஹாய் என்பது மரபின் நம்பிக்கை. அதன் பெரும்பகுதியை எழுதியவர் 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் மோசே தெ லெயோன் என்று 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலம் வாதிட்டார். மோசே 1305இல் இறந்த பிறகு, மூலச்சுவடியைத் தேடிப் போனார் ஒருவர். மோசேயின் மனைவி சொன்னதாக அவர் காதுக்கு வந்த செய்தி இது: சுவடியும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் என் கணவர் தலையிலிருந்து வந்தது. ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்று அவள் கேட்டாளாம். என் பெயரைப் போட்டால் யாரும் காசு தர மாட்டார்கள் என்றாராம். தோழி இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். போலிக் கையெழுத்து, வயிற்றுப்பிழைப்பு, இதில் என்ன ஞானம் என்றாள். நான் விடவில்லை. இவ்வளவு பெரிய நூலை எழுதிவிட்டுத் தன் பெயரை அழித்துக்கொள்ள ஒருவனால் முடிந்ததே, காசு காரணமாக இருந்தாலும் அந்த அழிப்பு அழிப்புதானே என்றேன். அவள் அடுக்களையில் காபி கலந்துகொண்டே கத்தினாள், நான் கூடத்திலிருந்து கத்தினேன். அவளுடைய மாமியார் வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அன்றைக்கு மாலை என் நிம்மதி, என் பக்தி, என் அகங்காரம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. மோசே தெ லெயோன் மட்டும்தான் இருந்தார். நீ 20 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து தேடுவது இதைத்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இப்போது ஹயீம் வொலோஷினர். வில்னாவின் மகா பண்டிதர் எலியாவின் மாணவர். இன்றைய பெலாரஸில் உள்ள வொலோஷினில் 1803 வாக்கில் பெரிய கல்விக்கூடத்தை நிறுவியவர். நூல் அவர் இறந்த பிறகு 1824இல் வெளிவந்தது. படிக்கும்போதும் மனம் கடவுளை ஒட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வறட்டுப் படிப்பு என்று, பக்தி உருக்கத்தை முன்னிறுத்திய ஹசிதிய இயக்கத்தார் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர் மறுத்தார். வழக்குச் சட்டம் படிப்பவன், ஒரு ஏமாற்றுக்காரன் நீதிமன்றத்தில் என்னென்ன பொய் சொல்ல முடியும் என்பதையெல்லாம் யோசித்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவன் எப்படிக் கடவுளை எண்ணி உருகுவான்? உருக வேண்டியதில்லை என்கிறார். அந்தச் சட்டம் கடவுளின் சித்தம் என்றால், அதில் மூழ்கியவன் ஏற்கெனவே அவரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் இறையச்சம் வேண்டாமா? வேண்டும். அதற்கு, மிஷ்னாவையும் அதன் மேல் எழுந்த விவாதங்களையும் கொண்ட தல்மூதிலிருந்து ஓர் அளவை எடுத்துக்கொடுக்கிறார். களஞ்சியத்தில் கோதுமை புழுக்காமல் இருக்க ஒருவகை உவர்மண்ணைக் கலப்பார்கள். ஒரு கோர் கோதுமைக்கு ஒரு காவ் மண். ஒரு கோர் என்பது 180 காவ். மண்ணே கலக்காவிட்டால் கோதுமை கெட்டுப்போகும். அளவுக்கு மேல் கலந்து விற்றால் அது திருட்டு. படிக்க உட்காரும் முன் யார் முன்னால் உட்காருகிறோம் என்று கொஞ்சம் நினைத்துக்கொள், நடுவில் அந்த நினைவு மங்கினால் நிறுத்திப் புதுப்பித்துக்கொள், மீதி நேரம் கோதுமை. பிரார்த்தனை இந்தக் கணக்கில் சேராது, அதற்குத் தனி வேளை உண்டு. உன் ஒரு மணி நேரத்தை இந்த அளவையில் நிறுத்துப் பார்த்தேன். 60 நிமிடத்தில் 180இல் ஒரு பங்கு 20 விநாடி. நீ 20 நிமிடம் மண் போட்டிருக்கிறாய். சுயகவனிப்பையும் சேர்த்தால் 40. இதில் கோதுமை கெட்டுவிட்டது என்று என்னிடம் முறையிடுகிறாய்!

சமமாக வைப்பது எப்படி என்று கேட்டாய். சமமாக வைக்காதே. அளப்பதை நிறுத்து. கர்வம் வருகிறதே என்று பயப்படுகிறாய். கர்வத்தை உட்கார்ந்து கவனித்துக் குறைத்தவர்களை நான் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்து “நீ சொன்னது தப்பு, இந்த வரியைப் பார்” என்று சொல்ல ஒருவர் இருந்தால் அது குறைகிறது. தல்மூதில் ரபி யோஹனான் தன் கல்வித் துணையான ரேஷ் லாகிஷை, வழிப்பறி செய்த பழைய வாழ்க்கையைச் சொல்லிக் குத்திவிடுகிறார். அந்த மனவருத்தத்தில் ரேஷ் லாகிஷ் நோயுற்று இறக்கிறார். யோஹனானைத் தேற்ற எலஅஸார் பென் பெதாத்தை அனுப்புகிறார்கள். நல்ல படிப்பாளி. யோஹனான் எதைச் சொன்னாலும், உங்களுக்கு ஆதரவாக இன்ன இடத்தில் சான்று இருக்கிறது என்கிறார். யோஹனானால் தாங்க முடியவில்லை. நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் தெளியும், நீயோ நான் சொன்னது சரி என்கிறாய், நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாதா என்று கதறுகிறார். உடையைக் கிழித்துக்கொண்டு, எங்கே போனாய் லாகிஷின் மகனே என்று அழுதுகொண்டு திரிந்து, புத்தி பேதலித்து இறந்துபோகிறார்.

ஆகவே ஸோஹரை எடுத்து வை. தோராவின் முதல் நூலைப் படி. பிறகு பிர்கே அவோத், பழைய ஆசிரியர்களின் அறிவுரைகள் கொண்ட சின்ன நூல். அதிலேயே, உனக்கு ஓர் ஆசிரியரை ஏற்படுத்திக்கொள், ஒரு தோழனைத் தேடிக்கொள் என்று வருகிறது. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மோசே கொர்தொவேரோ எழுதிய தோமெர் தெவோரா. ஸஃபேத்தின் பெரிய கபாலா அறிஞர், லூரியாவுக்கு மூத்தவர். ஸெஃபிரோத்தை வைத்துக்கொண்டு, உன்னை அவமதித்தவனிடம் எப்படி நடந்துகொள்வது என்றுதான் தொடங்குகிறார். உன் அறைத்தோழனுக்குக் கபாலா தெரிய வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற புத்தி இருந்தால் போதும். உரக்க வாசி, அவன் மறுக்கட்டும்.

இதையெல்லாம் வேலை முடிந்து வந்த காலையில் செய்யாதே. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவனுக்கு மனம் நிற்கவில்லை என்றால் அது பக்திக் குறை இல்லை, தூக்கக் குறை. முதலில் குளித்து, சாப்பிட்டு, தூங்கு. படிப்பை வார விடுமுறை நாள் மாலைக்கு மாற்று. அம்மாவுக்குப் போன் பண்ணி எத்தனை நாளாயிற்று என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா