இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் தனிச் சட்டமன்றம் இல்லை?

கேள்வி: ஐக்கிய ராஜ்ஜியத்தின் நான்கு நாடுகளில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனிச் சட்டமன்றம் இருக்கிறது. இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் இல்லை? வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்பதே என் பதில். நான் குடியிருப்பது இங்கிலாந்தின் செஸ்டரில். வேல்ஸ் எல்லை கூப்பிடு தூரம்தான், அதனால் இந்த விஷயம் எங்களுக்கு அன்றாடம் கண்ணில் படும்.

இங்குள்ள செஸ்டர் கால்பந்து கிளப்பின் டேவா ஸ்டேடியம் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. வாசலும் ஆபீஸும் இங்கிலாந்தில், பந்து உருளும் புல்தரை வேல்ஸில். 2021 டிசம்பர் கடைசியில், கோவிட் காரணமாக, வெளியரங்க விளையாட்டுகளுக்கு 50 பார்வையாளர்களுக்கு மேல் கூடாது என்று வேல்ஸ் அரசு உத்தரவு போட்டது. இங்கிலாந்தில் அப்படி எதுவும் இல்லை. செஸ்டரில் நடந்த இரண்டு மேட்சுகளுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நீங்கள் வேல்ஸ் விதியை மீறிவிட்டீர்கள் என்று ஜனவரியில் கிளப்புக்குக் கடிதம் வந்தது.

அந்த 50 பேர் விதியைப் போட்ட கார்டிஃப் அரசு, வேல்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு. வாசல் பக்கத்து விதியை முடிவு செய்தது ஐக்கிய ராஜ்ஜியத்தின் அரசு. இங்கிலாந்துக்கென்று ஓர் அரசு இல்லாததால் அந்த வேலையையும் லண்டன் மத்திய அரசே பார்க்கிறது. அங்கே சுகாதார அமைச்சர், கல்வி அமைச்சர் என்று சொல்லப்படுகிறவர்களின் அதிகாரம் பெரும்பாலும் இங்கிலாந்தோடு முடிந்துவிடும். பெயர்ப்பலகையில் மட்டும் அது இருக்காது.

ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் அதிகாரம் போனால் என்ன சிக்கல் வரும் என்பதை 1977-இலேயே டாம் டியெல் கேட்டுவிட்டார். அவர் லண்டன் நாடாளுமன்றத்தில் ஸ்காட்லாந்தின் வெஸ்ட் லோதியன் தொகுதி உறுப்பினர். என் தொகுதியின் கல்வி பற்றி நானே ஓட்டுப் போட முடியாது, இங்கிலாந்தின் கல்வி பற்றி மட்டும் போடலாம் என்றால் அது என்ன நியாயம் என்பதே அவர் கேள்வியின் சாரம். 2004 ஜனவரியில் அது நடந்தே விட்டது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை 3,000 பவுண்டு வரை உயர்த்த வழி செய்த மசோதா 316-க்கு 311 என்று வெறும் 5 ஓட்டில் தப்பியது. ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி உறுப்பினர்கள் கை கொடுக்காவிட்டால் தோற்றிருக்கும். அவர்கள் தொகுதி மாணவர்கள் ஸ்காட்லாந்தில் படித்தால் அந்தக் கட்டணம் கிடையாது. கடன் தலையில் விழுந்த இங்கிலாந்துப் பிள்ளைகள் அந்த உறுப்பினர்களைத் தேர்தலில் தண்டிக்கவும் முடியாது. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

இதற்கு மருந்தாக 2015-இல் வந்தது, இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும் என்ற அவை விதி. தடுக்கும் உரிமை மட்டும்தான் அதில் இருந்தது, தாங்களாக ஒரு சட்டத்தை நிறைவேற்றும் உரிமை இல்லை. அந்தத் தடையைக்கூட ஒருமுறையும் பயன்படுத்தாமல் 2021 ஜூலையில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

மேயர்கள் இருக்கிறார்களே என்பார்கள். ஆண்டி பர்னம் மேயராக இருந்து மான்செஸ்டர் பஸ்களைத் திரும்ப ஊரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் மேயரால் சட்டம் இயற்ற முடியாது. கல்விக் கட்டணத்தையோ மருந்துச் சீட்டுக் கட்டணத்தையோ அவர் தொட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் 2007 முதல் மருந்துச் சீட்டு இலவசம். இந்தப் பக்கம் இன்னும் காசு.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்றுதான், அது அளவு. ஐக்கிய ராஜ்ஜிய மக்களில் நூற்றுக்கு 84 பேர் இங்கிலாந்தில். இவ்வளவு பெரிய உறுப்புக்குத் தனிச் சட்டமன்றம் வந்தால் அதன் முதல்வர் பிரதமருக்கே போட்டியாகி, கூட்டாட்சி குடை சாய்ந்துவிடும் என்ற பயம். 1973-இல் அரசியலமைப்பை ஆராய்ந்த கில்பிராண்டன் ஆணையம் இந்த யோசனையை நிராகரித்ததற்கும் இந்தப் பயம்தான் முக்கியக் காரணம். பயம் பொய்யில்லை. ஆனால் இன்றைக்கும் 650 நாடாளுமன்ற இடங்களில் 543 இங்கிலாந்துடையவைதானே? சிறிய நாடுகள் இப்போதே அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன, பாதுகாப்பு எதுவும் இல்லாமல். முன்னாள் பிரதமர் கோர்டன் பிரவுன் தலைமையிலான குழு, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையை எடுத்துவிட்டு நாடுகளுக்கும் பிராந்தியங்களுக்குமான சபையை வைக்கலாம் என்று 2022-இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்துச் சட்டமன்றத்தையும் அப்படியொரு மேலவையையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். மேலவையில் மக்கள்தொகைக் கணக்கைத் தாண்டி சிறிய நாடுகளுக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் இங்கிலாந்துக்கு மட்டும் சட்டமன்றம் என்றால் நானும் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.

இங்கிலாந்து மக்களுக்கே இதில் ஆர்வமில்லை, 2004-இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் வாக்கெடுப்பு வைத்துக் கேட்டபோது 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்களே என்பீர்கள். அங்கே கேட்டது அதிகாரம் மிகக் குறைந்த ஒரு பிராந்திய சபை பற்றி. சட்டம் இயற்றும் மன்றம் பற்றி ஸ்காட்லாந்திடம் 1979, 1997 இரண்டு முறை கேட்டார்கள். வேல்ஸிடம் 1979, 1997, 2011 என்று அதிகாரப் பகிர்வு பற்றி மூன்று முறை. இங்கிலாந்து முழுவதிடமும் ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. முதலில் அதைக் கேட்கட்டும்.