எட்டுத் தூண்டில், ஒரு சின்னப் படகு: கிராப்பிக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். டென்னசியில் மெம்பிஸுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, சனி ஞாயிறு சுவரைப் பார்த்தே போகிறது, பக்கத்து மேசைக்காரர் "கிராப்பிக்கு கிராங்க்பெய்ட் இழுக்கப் போகிறேன், நீயும் வா" என்கிறார். அதாவது, படகின் பின்னால் பொய் மீனை இழுத்துக் கிராப்பி என்கிற ஏரி மீனைப் பிடிப்பது. சின்னப் படகு, எட்டுத் தூண்டிலாம். போகலாமா, லைசென்ஸ் வேண்டுமா, நீச்சல் தெரியாதே, அந்த மீனைச் சாப்பிடலாமா. இவ்வளவுதானே?

போங்கள். இந்த ஊர்க்காரர்கள் "ஒருநாள் வீட்டுக்கு வா" என்பதை மரியாதைக்கும் சொல்வார்கள். விடிகாலை நாலு மணிக்குப் படகுக்கு வா என்று மரியாதைக்கு யாரும் சொல்வதில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என்னையும் ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டார். இன்றைக்கும் வருஷத்துக்கு நாலைந்து தரம் அவரோடுதான் போகிறேன்.

கிராப்பி என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும், ஆனால் பலர் வாயில் அது 'க்ரோப்பி'. மிசிசிப்பிக் கிழவர்கள் சிலர் ஒயிட் பெர்ச் என்பார்கள். லூசியானாவில் சாக்கலே, பிரித்தால் பால்பை என்று வரும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான, வெள்ளி நிற ஏரி மீன். வெள்ளைக் கிராப்பிக்கு உடம்பில் பட்டை பட்டையாக இருக்கும், கறுப்புக் கிராப்பிக்குப் புள்ளிகள்.

உங்களை அவர் சார்டிஸ் ஏரிக்கோ எனிட் ஏரிக்கோ கூட்டிப் போவார் என்று நினைக்கிறேன். ஐ-55 சாலையில் தெற்கே போனால் சார்டிஸ் சுமார் ஒரு மணி நேரம். 1927 மிசிசிப்பி ஆற்றுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய நான்கு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்களில் இவை இரண்டு. ஆர்கபட்லா, கிரெனடா மற்ற இரண்டு. சார்டிஸ் அணை 1940-இல் முடிந்தது. வெள்ளைக் கிராப்பியில் உலக சாதனை மீன் 1957-இல் எனிட் அணையில் கிடைத்தது. 5 பவுண்டு 3 அவுன்ஸ். இதை உங்கள் நண்பர் போகிற வழியிலேயே சொல்வார், புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் நான் போட்ட தூண்டில் என்றால் முள்ளில் மண்புழு, மேலே ஒரு தக்கை, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கெண்டைக்குக் காத்திருப்பது. இது நேர்மாறு. இங்கே மீன் வருகிற இடத்தில் நாம் காத்திருப்பதில்லை, மீனைத் தேடித் தூண்டில் ஓடுகிறது. வசந்தத்தில் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும், அப்போது மரத்தூருக்குப் பக்கத்தில் ஜிக் என்கிற, ஈயத் தலை வைத்த சின்ன முள்ளைப் போட்டால் போதும். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். மீன் மரத்தை விட்டு நடு ஏரிக்குப் போய், ஷாட் என்கிற சின்ன மீன்களின் பின்னால் பாதி ஆழத்தில் அலையும். எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால்தான் இந்த வேலை.

கிராங்க்பெய்ட் என்பது விரல் நீளப் பொய் மீன். முகத்தில் கரண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாக்கு. சும்மா விட்டால் மிதக்கும், இழுத்தால் நாக்கு தண்ணீரைத் தள்ளி உள்ளே பாயும். அந்த ஏரிகள் பக்கம் எல்லார் பெட்டியிலும் பாண்டிட் 300 என்ற கிராங்க்பெய்ட் இருக்கும், அது சார்டிஸ் ஊரிலேயே பிறந்த சரக்கு. 10 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் நூறடி விட்டு இழுத்தால் பத்து, பன்னிரண்டு அடி ஆழம் போகும். எத்தனை அடி விட்டோம் என்று எண்ணிக்காட்டும் ரீல் இருக்கிறது. நூறடி விட்ட தூண்டிலில் மீன் அடித்தால் மற்றதையும் நூறடிக்கு மாற்றுவார்கள்.

தூண்டில் கம்புகள் ஒரே நீளமாக இருக்காது. முன்னால் பதினாறடி, அப்புறம் பதினாலு, பன்னிரண்டு, பின்னால் எட்டடி. இரண்டு பக்கமும் தாங்கியில் செருகி இறக்கை மாதிரி விரித்திருப்பார்கள், நரம்பு ஒன்றோடொன்று உரசாமல் இருக்க.

யாரும் கம்பைக் கையில் பிடிப்பதில்லை. நுனியைத்தான் பார்க்க வேண்டும். பொய் மீன் சரியாக ஓடினால் நுனி விடாமல் துடிக்கும், தையல் மெஷின் ஊசி மாதிரி. துடிப்பு நின்றால் இலையோ குப்பையோ மாட்டியிருக்கிறது, சுற்றி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நுனி மெதுவாகப் பின்னால் வளைந்து அப்படியே நின்றால், அது மீன். வெடுக்கென்று இழுக்காதீர்கள். கிராப்பிக்கு வாய் காகிதம், பிய்த்துக்கொண்டு போய்விடும். வேகம் மாறாமல் சுற்றி, கைவலையில் ஏந்த வேண்டும். இதைவிட முக்கியம், மீன் மாட்டியது என்று படகை நிறுத்தக் கூடாது. நின்றால் மற்ற ஏழும் மேலே மிதந்து வந்து பின்னிக்கொள்ளும்.

வேகம்தான் எல்லாம். மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு மைல், நம் ஊரில் கோவில் பிரகாரம் சுற்றும் நடை. மோட்டாரில் வைத்த வேக எண்ணை நம்பி ஓட்டினால் காற்று ஏமாற்றிவிடும், ஜிபிஎஸ் காட்டுவதைப் பார்த்து ஓட்ட வேண்டும். திரும்பும்போதுதான் வேடிக்கை. உள்பக்கத் தூண்டில்கள் மந்தமாகி மேலே ஏறும், வெளிப்பக்கத்தவை வேகமெடுத்து இன்னும் ஆழம் போகும். அப்போது வெளிப்பக்கத்தில் அடித்தால் இன்றைக்கு மீனுக்கு வேகம் பிடிக்கிறது, உள்பக்கத்தில் அடித்தால் குறைக்கச் சொல்கிறது. என் நண்பர் வேண்டுமென்றே பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டுவார், காரணம் இதுதான்.

என்னிடம் முதன்முதலில் மோட்டாரைக் கொடுத்த அன்று, மிதக்கும் ஒரு மரக்கட்டையைப் பார்த்துப் பயந்து சட்டென்று திருப்பினேன். எட்டும் ஒரே சிக்கலாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு மும்முனை முள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் பிரித்தோம், கடைசியில் கத்தரிக்கோல். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நீங்கள் திரும்பும்போது கால்பந்து மைதானத்தைச் சுற்றுவது போல அகலமாகத் திரும்புங்கள்.

லைசென்ஸ் கட்டாயம். டென்னசி லைசென்ஸ் மிசிசிப்பியில் செல்லாது. வெளிமாநிலத்தாருக்கான குறுகிய நாள் லைசென்ஸ் இணையத்திலேயே கிடைக்கும், விசாவில் இருப்பது தடையில்லை. "நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று காவலரிடம் வாதாட வேண்டிய நிலை வேண்டாம், எடுத்துவிடுங்கள். எத்தனை மீன், எத்தனை அங்குலம், ஆளுக்கு எத்தனை கம்பு என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி வேறு, அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள். நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொண்டே இருங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை. கம்பு, ரீல் எதுவும் இந்த வருஷம் வாங்காதீர்கள். பெட்ரோலுக்கும் ஐஸுக்கும் பணம் கொடுங்கள், வாங்க மறுத்தால் படகு கழுவும்போது உதவிக்கு நில்லுங்கள்.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. வெள்ளைச் சதை, முள் எடுத்துவிட்டால் குழந்தைக்கும் கொடுக்கலாம். இந்த ஊர்க்காரர்கள் மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள், அதைக் குறை சொல்லவே முடியாது. எங்கள் வீட்டில் மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி தோசைக்கல்லில். குழம்பு வைக்காதீர்கள், மெல்லிய துண்டு, கரண்டி பட்டதும் கரைந்துவிடும். என் மனைவி இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, குழம்புக்குக் கெளுத்தி பிடித்து வா என்று சொல்லிவிட்டாள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், தயிர்சாதம் தாராளமாகப் போகும். வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்று இங்கே ஒரு நம்பிக்கை. நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று முதல் நாள் நான் ஒரு சீப்பே கொண்டுபோனேன். நண்பர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படகை இறக்காமல் நான் அதைத் திரும்பக் காரில் வைத்துப் பூட்டும்வரை நின்றார்.